கெடச்ச வரைக்கும் லாபமா?

இது நீளமான பதிவு. கார்த்திகை மழை திரும்பவும் வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். வீட்டுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருப்பவர்கள் தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

“டீச்சர், கெடச்ச வரைக்கும் லாபம்னு நெனச்சுக்கிட்டு ஒரு கையெழுத்தப் போட்டிருங்க. ரெண்டு நாள்ல பேங்க்ல ஏறிரும்.”

போன பிப்ரவரியில் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தம்பி சொன்ன வார்த்தை இது. காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் தாளோடு வந்தவர். மரியாதையான பிள்ளை. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த நிறுவனத்தின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. என் சண்டை அந்த வார்த்தையோடு.

ஏனென்றால் அடுத்த ஒரு வாரத்தில் அதே வார்த்தையை நான் நான்கு பேரிடம் கேட்டேன். என் தம்பி சொன்னான். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் சொன்னார். பால்காரர் சொன்னார். குமாரர் கோயிலில் பார்த்த, என்னோடு வேலை பார்த்த ஆசிரியையும் சொன்னார். “அவனுவ குடுக்கதே பெருசு. கெடச்சத வாங்கிப் போட்டுட்டு வேலையப் பாருங்க.”

34 வருஷம் கணக்கு சொல்லிக் கொடுத்தவள் நான். லாப நட்டக் கணக்கை எத்தனை வகுப்புக்கு நடத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு ஏற்பட்ட நட்டம் 3,92,500 ரூபாய். அவர்கள் தருவதாகச் சொன்னது 36,450 ரூபாய். நூறு ரூபாய் நட்டத்துக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். இதில் எங்கே லாபம்? எட்டாம் வகுப்புப் பிள்ளை இதை லாபம் என்று எழுதினால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் பெய்த மழை தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. குற்றாலத்தில் அருவி எது, பாறை எது என்று தெரியாமல் வெள்ளம் கொட்டியது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வயல், வயலை ஒட்டி வாய்க்கால். அந்த ராத்திரி வாய்க்கால் கரை உடைந்தது. விடியும்போது வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அடுக்களையின் பின்சுவர் விழுந்துவிட்டது. காம்பவுண்டுச் சுவர் அப்படியே சாய்ந்து வயலுக்குள் கிடந்தது. வயரிங் போனது, தரை பெயர்ந்தது, ஃப்ரிட்ஜ், கட்டில், மெத்தை, மர பீரோ எல்லாம் சேற்றில். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நன்றி என்றைக்கும் உண்டு.

வீடு கட்டக் கடன் வாங்கியபோது வங்கி சேர்த்துவிட்ட பாலிசி. கடன் முடிந்தபிறகும் நான் விடாமல் புதுப்பித்து வந்தேன். இப்போது அதன் பெயர் பாரத் கிருஹ ரக்ஷா. 2021 ஏப்ரல் 1 முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, வீடுகளுக்கான தீ மற்றும் இயற்கைப் பேரிடர்க் காப்பீட்டை எல்லா நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் தர வேண்டும் என்று கொண்டுவந்த பாலிசி. எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்கு நடந்த கதை உங்களுக்கும் பொருந்துவது இதனால்தான்.

நான் கேட்ட தொகை இது. அடுக்களைச் சுவர் 1,38,500. காம்பவுண்டுச் சுவர் 92,000. தரை, பூச்சு, வயரிங் 71,200. வீட்டுப் பொருட்கள் 84,300. இடிபாடு அள்ளிய கூலி 6,500. மொத்தம் 3,92,500.

பதிலுக்கு வந்த கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. இதையும் சொல்லியாக வேண்டும். பிரீமியம் வாங்க வரும்போது நல்ல தமிழ். பணத்தைக் குறைக்கும்போது ஆங்கிலம். எங்கள் தெருவில் அந்தக் கடிதத்தைத் தானாகப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் எத்தனை பேர்?

சரி, கடிதத்துக்கு மார்க் போடுவோம்.

முதல் வெட்டு. அடுக்களைச் சுவர்: “பழைய அஸ்திவாரம் இறங்கியதால் விழுந்தது, பாலிசியில் அடங்காது.” தொகை பூஜ்யம்.

நிலம் இறங்குவதால் வரும் சேதத்துக்கு இந்தப் பாலிசியில் பாதுகாப்பு உண்டு. அந்த இடத்தில் சில விலக்குகளும் உண்டு. புதுக் கட்டடம் இயல்பாக அமர்வது, விரிசல் விடுவது, மோசமான வேலைப்பாடு ஆகியவை அதில் வரும். ஆனால் வெள்ளம் என்பது தனி ஆபத்தாக, தனி வரியில் இருக்கிறது. என் வீட்டுக்கு வந்தது வெள்ளம். அந்த விலக்கைத் தூக்கி இந்த வரியில் ஒட்ட முடியாது. முப்பது வருஷம் அசையாமல் நின்ற சுவருக்கு, வாய்க்கால் உடைந்த அந்த ஒரு ராத்திரியில் பார்த்தா வயசானது?

இரண்டாம் வெட்டு. காம்பவுண்டுச் சுவர்: “குடியிருப்புக் கட்டடத்தின் பகுதி அல்ல.” பூஜ்யம்.

பாலிசியில் வீட்டுக் கட்டடம் என்றால் என்ன என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். காம்பவுண்டுச் சுவர், வேலி, கேட், தாங்கு சுவர், திண்ணை, செப்டிக் டேங்க், தண்ணீர்த் தொட்டி, சோலார் பலகை என்று வரிசையாக அச்சடித்திருக்கிறது. அச்சடித்தவர்களே படிக்கவில்லை என்று நம்பச் சொல்கிறார்களா?

மூன்றாம் வெட்டு. தரை, பூச்சு, வயரிங்: “வீடு பழையது, ஆகவே 50 சதவீதம் தேய்மானம்.” 71,200 என்பது 35,600 ஆனது.

என் பாலிசி சொல்வது, சேதமடையும்போது இருந்த நிலைக்கு ஏறக்குறைய ஒப்பான நிலைக்குக் கொண்டுவர ஆகும் பழுதுபார்க்கும் செலவை. பழைய வீட்டுக்கு என்று பாதி விலையில் சிமெண்ட் விற்கும் கடை தென்காசியில் எங்கே இருக்கிறது? பழைய தரை என்று கொத்தனார் அரை நாள் கூலி வாங்கிக்கொண்டு போவாரா? பழையதைவிட உயர்வாகக் கட்டிக்கொண்டு அந்தச் செலவைக் கேட்டால் வெட்டலாம். அது நியாயம். பழையபடி ஆக்கும் செலவில் பாதியை வெட்டுவதற்கு என் பாலிசியில் வரி இல்லை.

நான்காம் வெட்டுதான் எனக்கு ரத்தம் கொதித்த இடம். “வீட்டின் மதிப்பு 24 லட்சம். நீங்கள் எடுத்திருக்கும் காப்பீடு 18 லட்சம். ஆகவே 75 சதவீதம்தான் கிடைக்கும்.” 35,600 என்பது 26,700 ஆனது.

இதற்குக் குறைகாப்பீடு என்று பெயர். பழைய பாலிசிகளில் இது உண்டு. 20 லட்சம் பெறுமான வீட்டுக்கு 10 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் தருவார்கள். சாதாரண மனிதர்களுக்கு இது தெரியாமல் வெள்ளம் வந்தபின் தலையில் இடி விழும். அதனால்தான் பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விதியையே எடுத்துவிட்டார்கள். வீட்டின் தரைப் பரப்பளவைச் சரியாகச் சொல்லியிருந்தால் போதும். நான் 75 சதுர மீட்டர் என்று சொன்னேன். சர்வேயர் அளந்தபோதும் அதுதான் வந்தது. எடுத்துப்போட்ட விதியை மறுபடி உள்ளே கொண்டுவந்து கழிப்பதைத் தவறு என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா? நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாம் வெட்டு. வீட்டுப் பொருட்கள்: “பட்டியல் முன்கூட்டியே கொடுக்கவில்லை, பில் இல்லை.” ஃப்ரிட்ஜுக்கு மட்டும் பில் இருந்தது. 26,000 ரூபாயில் பாதி தேய்மானம், அதில் முக்கால் பங்கு, ஆக 9,750.

கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் வரை, பட்டியல் எதுவும் இல்லாமலே பொருட்களுக்குப் பாதுகாப்பு உண்டு. என் கணக்கில் அது 3,60,000. பில் எங்கே என்றால், பீரோவில் இருந்தது. பீரோ வெள்ளத்தில் இருந்தது. 2022-இல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம், கொடுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் ஆவணம் கேட்டு இழுத்தடிப்பதைக் கண்டித்திருக்கிறது. 2024-இல் ஐஆர்டிஏஐயும் ஆவணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகக் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

இடிபாடு அள்ளியதற்கு ஒரு பைசா இல்லை. ஏற்கும் தொகையில் 2 சதவீதம் வரை அதற்கென்றே பாலிசியில் இருக்கிறது.

26,700 கூட்டல் 9,750. ஆக 36,450. கூட்டல் சரி. கணக்குத்தான் தப்பு.

இப்போது என் பக்கமும் இரண்டு தப்பு இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். காம்பவுண்டுச் சுவரில் முன்பு இருந்ததைவிட நல்ல கேட் போட்டுவிட்டு அதையும் சேர்த்துக் கேட்டிருந்தேன். 18,000 ரூபாய் கூடுதல். வாஷிங் மெஷின் வெள்ளத்துக்கு முன்பே ஓடவில்லை, வீட்டில் இருந்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், நான் கவனிக்கவில்லை, 14,300. இரண்டையும் நானே எழுத்தில் திரும்பப் பெற்றேன். மற்றவர் தாளைத் திருத்துகிறவள் தன் தாளையும் திருத்த வேண்டும்.

இனி “கெடச்ச வரைக்கும் லாபம்” என்பதற்கு வருகிறேன்.

இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். நம் ஊரில் வெள்ளம் என்றால் நிவாரணம் நினைவுக்கு வரும். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து தாமிரபரணிக் கரையே மூழ்கியபோது, தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கடுமையாகப் பாதித்த பகுதிகளில் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நிவாரணம் என்பது அரசு பார்த்துக் கொடுப்பது. வரிசையில் நின்று வாங்குகிறோம். போதவில்லை என்று சொல்லலாம், ஆனால் இன்ன தொகை என்று ஒப்பந்தம் போட்டுக்கொண்டதில்லை.

காப்பீடு அப்படியா? அது விலை கொடுத்து வாங்கிய பொருள். கடையில் ஒரு கிலோ சர்க்கரைக்குக் காசு கொடுத்துவிட்டு, நூறு கிராம் மடித்துக் கொடுத்தால் “கெடச்ச வரைக்கும் லாபம்” என்று வாங்கி வருவீர்களா? தராசைப் பார்க்க மாட்டீர்களா? இங்கே மட்டும் ஏன் கைகட்டி நிற்கிறோம்? நிவாரண வரிசையில் நின்ற பழக்கத்தில் ஒப்பந்தத்தின் முன்னாலும் அப்படியே நிற்கிறோம். இந்தப் பழக்கம்தான் அவர்களுடைய முதல். நூறு பேருக்குக் குறைத்து அனுப்பினால் எத்தனை பேர் திருப்பிக் கேட்பார்கள் என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும்.

வங்கி நண்பர் ஒரு வாதம் வைத்தார். “வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய்க்குள்ள கட்டிட்டு நாலு லட்சம் கேட்டா அவன் எங்க போவான்?” நல்ல கேள்வி. ஆயிரக்கணக்கான பேர் கட்டுகிறார்கள்; அந்த வருஷம் வீடு இடிவது சிலருக்கு. பலர் பணத்தில் சிலர் எழுவதற்குத்தான் காப்பீடு என்று பெயர். என் வீடு இடியாத அத்தனை வருஷமும் நான் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டேனா? இடிந்த வருஷத்தில் மட்டும் என் பிரீமியம் சின்னது என்று சொல்வது என்ன நியாயம்?

இன்னொரு வாதம்: வெள்ளம் வந்தால் பொய்க் கணக்கும் சேர்ந்து வரும், அதனால்தான் வெட்டுகிறார்கள். பொய்க் கணக்கு வருவது உண்மை. அதைக் கண்டுபிடிக்கத்தான் சர்வேயர். இரண்டு பிள்ளைகள் காப்பி அடித்தார்கள் என்று வகுப்பு முழுவதற்கும் ஒன்பது மார்க் போட்டால் அந்த ஆசிரியரை என்ன செய்வோம்?

“சர்வேயர் எழுதிட்டார், எங்க கையில ஒண்ணும் இல்ல” என்பது அடுத்தது. இது தவறு. 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64யுஎம் பிரிவே, சர்வேயர் மதிப்பிட்ட தொகையிலிருந்து மாறுபட்ட தொகையைக் கொடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்கிறது. 2009-இல் பிரதீப் குமார் என்பவரின் லாரி விபத்து வழக்கில் உச்ச நீதிமன்றமும் சர்வேயர் அறிக்கை முடிந்த முடிவு அல்ல, அதிலிருந்து விலகவே கூடாத வேதமும் அல்ல என்ற கருத்தில் தீர்ப்புச் சொன்னது. சர்வேயர்களைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அன்றைக்கே எட்டாவது வீட்டைப் பார்ப்பதாகச் சொன்னார்; உட்காரக்கூட நேரமில்லை. ஆனால் அவர் வந்தது நான் புகார் கொடுத்த பதினோராம் நாள். 2024-ஆம் ஆண்டு விதிப்படி 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், 15 நாளில் அறிக்கை, அறிக்கை கிடைத்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். பதினோரு நாள் சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு யாரால் சமைக்க முடியும்? வெள்ளம் நின்ற கோட்டைச் சுவரில் சாக்பீஸால் குறித்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து வைத்தேன். பள்ளிக்கூடப் பழக்கம் உதவியது.

பிறகு நான் செய்தது இவ்வளவுதான். கையெழுத்துப் போடவில்லை. சர்வே அறிக்கையின் நகல் கேட்டேன். “அது கம்பெனி டாக்குமெண்ட், வெளிய குடுக்க முடியாது” என்றார்கள். கேட்டால் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது என எழுதிக் கேட்டேன், மார்ச்சில் வந்தது. என் பழைய மாணவன் ஒருவன் சிவில் இன்ஜினியர். அவன் வந்து பார்த்து, வாய்க்கால் தண்ணீர் அஸ்திவாரத்தின் அடிமண்ணை அரித்த இடத்தைப் படத்தோடு எழுதிக் கொடுத்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் எதிரே பாலிசியின் வரியை எழுதி, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு ஆறு பக்கக் கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

மே மாதம் பதில் வந்தது. தரை, பூச்சு, வயரிங் முழுசாக 71,200. காம்பவுண்டுச் சுவர் நான் திருத்திக் கேட்டபடி 74,000. பொருட்கள் நான் திருத்திக் கேட்டபடி 70,000. இவற்றுக்கு 2 சதவீதம் இடிபாட்டுச் செலவு 4,304. மொத்தம் 2,19,504.

36,450 எங்கே, 2,19,504 எங்கே! ஆறு மடங்கு. அதே வீடு, அதே வெள்ளம், அதே பாலிசி. நடுவில் மாறியது ஒன்றுதான்: நான் கேட்டேன். அப்படியானால் கேட்காதவர்களுக்குச் சேர வேண்டிய மீதி எங்கே போயிற்று? இந்தப் பதிவில் என் கேள்வி இது ஒன்றுதான். தவறுதலாகக் குறைந்திருந்தால், என் கடிதத்தைப் பார்த்ததும் அதே மழையில் அதே விதமாகக் குறைத்த மற்றவர்களின் தாளையும் எடுத்துத் திருத்தியிருக்க வேண்டாமா? நான் விசாரித்தவரை எங்கள் தெருவில் யாருக்கும் திருத்தவில்லை.

அடுக்களைச் சுவரை மட்டும் இன்னும் மறுக்கிறார்கள். 2,19,504 ரூபாயை, மீதிக்கான என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கினேன். சுவருக்காகக் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஆம்பட்ஸ்மேனிடம், செப்டம்பரில் மனு கொடுத்து விசாரணைக்குக் காத்திருக்கிறேன். கிடைக்குமா என்று தெரியாது. தோற்றாலும் காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் தோற்பேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியவை:

1. “முழுமையாகவும் இறுதியாகவும் பெற்றுக்கொண்டேன்” என்ற தாளில் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை வாங்க வேண்டிய அவசரம் இருந்தால் மேலே நான் எழுதியதுபோல் மறுப்பைக் குறித்துவிட்டு வாங்குங்கள்.

2. சேதத்தைப் படம் எடுக்காமல் எதையும் அள்ளாதீர்கள். பழுதுபார்த்த பில் ஒவ்வொன்றையும் வையுங்கள். செலவு செய்ததைத்தான் கேட்க முடியும். பாலிசியையும் பில்களையும் படம் எடுத்துப் பிள்ளைகளின் போனுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

3. சர்வே அறிக்கையை எழுத்தில் கேளுங்கள். எந்த வரியை வைத்து எவ்வளவு குறைத்தார்கள் என்றும் கேளுங்கள்.

4. முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகாரைப் பதியலாம். நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ஒரு வருஷத்துக்குள் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்கு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். தேவையான தாள்கள் எல்லாம் சேர்ந்தபின் மூன்று மாதத்தில் முடிவு சொல்ல வேண்டும். அந்த முடிவு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும்.

5. நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு வருஷ அவகாசம்.

அரசுக்கும் ஆணையத்துக்கும் ஒரே ஒரு வேண்டுகோள். குறைத்துக் கொடுக்கும் கடிதம் தமிழில் வர வேண்டும். கூடவே சர்வே அறிக்கையும், ஒவ்வொரு வெட்டுக்கும் பாலிசி வரியின் எண்ணும் கேட்காமலே வர வேண்டும். பரீட்சைத் தாளில் மார்க்கைக் குறைத்தால் எங்கே தப்பு என்று சுழித்துக் காட்டுகிறோம். பத்து வயசுப் பிள்ளைக்குக் கிடைக்கிற நியாயம் வீடு இழந்தவருக்குக் கிடைக்க வேண்டாமா?

கடைசியாக, இதை எழுத வைத்தவரைப் பற்றி.

எங்கள் தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர். கணவர் இல்லை. அதே வெள்ளத்தில் வீட்டின் பின்கட்டு முழுவதும் போனது. மாவாட்டும் கிரைண்டர் இரண்டும் போயின. வீட்டுக் கடனோடு வந்த பாலிசி இருந்தது. அவருக்கு வந்தது 18,000 ரூபாய். “இன்னைக்குக் கையெழுத்துப் போடலைன்னா ஃபைல மூடிருவாங்க” என்று சொல்லியிருக்கிறார்கள். போட்டுவிட்டார். எனக்கு மே மாதம் பணம் வந்தது தெரிந்தபிறகும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. போன வாரம் நானே கேட்டேன்.

“கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேனே டீச்சர். இனிமே போய்க் கேட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிராதா?”

எனக்குத் தொண்டை அடைத்தது. நட்டப்பட்டவர் பொய்யாகிவிடுமோ என்று பயப்படுகிறார். எடுத்துப்போட்ட விதியை வைத்துக் கழித்தவர்களுக்கு அந்தப் பயம் இல்லை.

கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிடாது. 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: ஏமாற்றியோ, வற்புறுத்தியோ, தகாத செல்வாக்கைச் செலுத்தியோ வாங்கிய கையெழுத்து என்று காட்டினால், மீதியைக் கேட்கும் உரிமை போய்விடாது. காட்டும் பொறுப்பு நம்முடையது. எளிதில்லை, ஆனால் கதவு மூடவில்லை. இப்படிப்பட்ட தாள்களைக் காட்டி உரிமையைத் தடுக்கக் கூடாது என்று ஐஆர்டிஏஐயும் 2015-இலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை கடை முடிந்ததும் அக்கா என் வீட்டுக்கு வருகிறார். அவருடைய பாலிசியையும் கடிதத்தையும் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறோம். இலஞ்சி, குற்றாலம், மேலகரம், தென்காசிப் பக்கம் இதேபோல் கடிதம் வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் வக்கீல் இல்லை. கூட்டலும் கழித்தலும் தெரியும், பாலிசியைப் படித்துத் தமிழில் சொல்லத் தெரியும். காப்பி உண்டு. தாள் மட்டும் மறக்காமல் கொண்டுவாருங்கள்.